எத்தனையாவது நரகம்

மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் வாசிம் காக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தது. நான் கோபர்கைரனேயில் என் ஆபீஸ் கேன்டீனில் டீக்கு நின்றிருந்தேன். பேசியது என் அண்ணன் இல்லை. ரயில்வே போலீஸ். மராத்தியில் ஆரம்பித்தவர், நான் தடுமாறியதும் இந்திக்கு மாறினார். இந்த போன்காரருக்கு நீங்கள் யார் என்று கேட்டார். தம்பி என்றேன். சயான் ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்கு இல்லையா என்று கேட்டேன். "பஹலே ஆப் ஆ ஜாயியே", முதலில் நீங்கள் வந்துவிடுங்கள் என்றார். பம்பாய் போலீஸ்காரர் ஒருவர் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அந்த மரியாதையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்சியில் ஏறி எங்கள் அக்கா மெஹராஜ் லாத்தாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. தாராவியில் தன் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற நேரம் அது. வகுப்பு முடியும்வரை போனைத் தொடமாட்டாள். முடிந்ததும் அவளே கூப்பிட்டாள்.

"எனக்குத் தெரியும்லே. அவன் சொல்லிட்டுத்தான் போயிருக்கான்."

என் அழைப்புகளுக்கு மேலே காக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்திருக்கிறது. முதலில் அதைக் கேட்டிருக்கிறாள். என்னால முடியல லாத்தா, அல்லாஹ்ட்ட எனக்காகக் கேளு, ஜோயாவுக்கு ஒழுங்கா ஓதிக்கொடு. அவ்வளவுதான் அதில் இருந்தது.

காக்காவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. லாத்தாவைப் பற்றி எழுத முடிகிறது. அதனால் அதை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். லாத்தா மூத்தவள், வாசிம் காக்கா நடு, நான் கடைசி. காயல்பட்டினத்துக்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு முதலில் வந்தவள் அவள்தான். எங்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டதும் அவள்தான். மச்சான் ஷார்ஜாவில் இருக்கிறார். பள்ளிவாசல் சுவரை ஒட்டிய வீடு. கீழே அடுப்பும் கட்டிலும், இரும்பு ஏணியில் ஏறினால் தகரக்கூரை போட்ட மாடி. அந்த மாடியில்தான் பாதி சந்துக்கு அலிஃப், பே என்று அரபு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளுக்குத் தமிழைவிட இந்தி லேசாக வரும். அவளை 'ஆபா', அக்கா, என்று கூப்பிடுவார்கள்.

லாத்தாவுக்கு நரகம் பக்கத்துத் தெரு மாதிரி. வழி தெரியும், கதவு தெரியும், உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்பதும் தெரியும். வியாழக்கிழமை மறுமைப் பாடம். சுடச்சுட டீ ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைப்பாள்.

"சுடுதா?"

"சுடுது ஆபா!"

"அடுப்புத் தீயவிட எழுபது மடங்கு அந்தத் தீ. நீ டீக்கே கைய எடுத்துட்ட."

ஏழு நரகத்தின் பெயரையும் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லவைப்பாள். ஜஹன்னம், லளா, ஹுதமா என்று தொடங்கி ஹாவியாவில் முடியும். பிள்ளைகள் அதைச் சந்துக்கு எடுத்துப்போனார்கள். கிரிக்கெட்டில் போல்டானவனை "சல் பே, ஹாவியா!" என்று அனுப்பினார்கள். பந்து சாக்கடையில் விழுந்தால் ஹுதமா. லாத்தா மேலிருந்து அதட்டுவாள். அதட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

நான் காலேஜ் படித்தவன் என்ற திமிரில் அவளோடு சண்டை போடுவேன். பயமுறுத்தி உண்டாக்குகிற பக்தியால் என்ன பிரயோஜனம் என்பேன்.

"பைசான், சிக்னல்ல போலீஸ் இல்லன்னா நீ நிப்பியா?"

"நிப்பேன்."

"பொய் சொல்லாதலே. நேத்து சயான் சர்க்கிள்ல ரெட்ல வந்தேன்னு நீதான் சொன்ன."

"அங்க யாரும் வரல லாத்தா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். யாரும் வரலன்னா மனுசன் போயிருவான்."

இன்னொரு தடவை இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் ஒரு பை தைக்கிற பட்டறை தீப்பிடித்தது. மாடியில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் இறங்க முடியவில்லை. வேலை நேரத்தில் வெளியே போகக்கூடாது என்று முதலாளி கீழ்க்கதவைப் பூட்டி வைத்திருந்தான். இரண்டு பேரும் அக்கா தங்கை. லாத்தாவிடம் ஓதியவர்கள். கேஸ் இழுத்தது, சாட்சி மாறியது, முதலாளி வேறு இடத்தில் கடை திறந்தான். திறப்பு விழாவுக்கு பிரியாணிகூடப் போட்டான்.

"கோர்ட்டு விட்டுட்டு. ஊரு விட்டுட்டு. அல்லாஹ்வும் விட்டுருவான்னா அந்தப் பிள்ளைங்க எதுக்குப் பொறந்தாங்க?" என்றாள் லாத்தா. "ஒனக்கு நரகம் வேண்டாம். ஏன்னா ஒன்ன யாரும் வச்சுப் பூட்டல. எனக்கு வேணும்."

 

காக்காவுக்கு அந்த நரகம் வேறு விதமாக வந்து சேர்ந்தது. அவர் தோல் வெட்டுகிற மேஜைக்காரர். பட்டறையில் ஒருநாள் வந்த லைனிங் தோல் கட்டுக்குள் பன்றித் தோல் கலந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி சட்டப் பிரிவின் வழக்கப்படி பன்றியின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். காக்கா கையைக் கழுவினார். மறுநாளும் கழுவினார். தாராவியில் மண்ணுக்கு எங்கே போவது? யாரோ வீட்டுத் துளசித் தொட்டியில் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டார்.

"காஞ்ச தோலுடா அது. காஞ்சதத் தொட்டா கழுவவே வேண்டாம்" என்று லாத்தா சட்டம் சொன்னாள்.

"கையில வேர்வை இருந்திருந்தா?"

"இருந்துச்சா?"

"தெரியலையே லாத்தா. தெரியாமத் தொழுதா, அந்தத் தொழுக எல்லாம் என்னாகும்?"

பிறகு தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்வதும் நீண்டது. முழங்கையில் ஒரு முடி நனையவில்லை என்று தோன்றினால் முதலிலிருந்து தொடங்குவார். பள்ளியில் ஜமாஅத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போதும் அவர் குழாயடியில் உட்கார்ந்திருப்பார். "வாசிம் பாய் வந்துட்டார், டேங்க் காலி" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். லாத்தா சிரிக்கவில்லை. அவள் செய்தது வேறு. வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னாள்: "வாசிம் மாமாவப் பாருங்க. அதுக்குப் பேருதான் பேணுதல். மறுமைக்குப் பயந்தவரு அப்படித்தான் இருப்பாரு."

பேணுதல், மார்க்கத்தை இம்மி பிசகாமல் கடைப்பிடிப்பது, எங்களிடம் பெரிய வார்த்தை. ஒரு மாப்பிள்ளையைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னால் வேறு எதுவும் விசாரிக்க மாட்டார்கள். கண்ணெதிரே ஒரு மனிதர் நோயில் இறங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பேணுதல் என்று பெயர் வைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தோம். அவர் வேலையை விட்டார். தூக்கம் போயிற்று. மனைவி பரீஹா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையில் ஹராமான ஜெலட்டின் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அதையும் நிறுத்திவிட்டார்.

போன் வந்ததற்கு மறுநாள் மதியம்தான் ஆஸ்பத்திரியில் காக்காவின் உடலை, மய்யித்தைக் கொடுத்தார்கள். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. அதற்கு முன் லாத்தாவின் வீட்டில் நடந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது.

முதலில் வந்தவர் ஜமாஅத் செயலாளர் சிராஜ் காக்கா. சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர், எல்லாச் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பவர். ஏணியடியில் என்னையும் லாத்தாவையும் நிறுத்தி, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஹஜ்ரத் வருவாரு. எப்படின்னு கேப்பாரு. லைன் கிராஸ் பண்ணும்போது கவனிக்கலன்னு சொல்லிருங்க. பம்பாயில தினமும் எத்தன பேரு அப்படிப் போறான்! போலீஸும் ஆக்சிடன்ட்னுதான் எழுதியிருக்கான்."

"போலீஸ் எல்லாத்தையும் மொதல்ல அப்படித்தான் எழுதுவான் காக்கா" என்றேன்.

"ஏ, நீ சும்மா இரு. ஒன்கிட்ட வக்கீல் பாயிண்ட் யாரு கேட்டா? மெஹராஜு, நீ கேளு. தானா உயிர விட்டான்னு ஹஜ்ரத்து காதுல விழுந்தா அவரு தொழவைக்க மாட்டாரு. அவரு வெலகுனா ஊரே வெலகும். ஒன் தம்பிய நாலு பேரோட தூக்கிட்டுப் போகவா? நாளைக்கு ஒன் கிளாஸுக்குப் பிள்ளை யாரு அனுப்புவா?"

 லாத்தாவின் பின்னால் ஏணியின் மூன்றாவது படியில் ஜோயா உட்கார்ந்திருந்தாள். காக்காவின் மகள், நாலாம் வகுப்பு. லாத்தாவின் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்பவள். அவள் இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"மாமி" என்றாள். "வாப்பா எத்தனாவதுல?"

"என்னது எத்தனாவது?" என்று சிராஜ் காக்கா திரும்பினார்.

"ஏழுல. எத்தனாவதுல போடுவாங்க?"

அவள் அழவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்தான். அந்த மாடியில் யார் எதைக் கேட்டாலும் லாத்தா பதிலை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அன்றைக்கு ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  பரீஹா உள்ளேயிருந்து வந்து மகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஹஜ்ரத் வந்தார். எங்கள் பள்ளிவாசலின் இமாம், தென்காசிப் பக்கத்துக்காரர், நிதானமானவர், அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. கட்டிலில் உட்கார்ந்து துஆ ஓதினார். பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு, "எப்படி நடந்தது?" என்று கேட்டார்.

"லைன் கிராஸ் பண்ணும்போது ஹஜ்ரத், கால் தவறி..." என்று சிராஜ் காக்கா ஆரம்பித்தார்.

"இல்ல ஹஜ்ரத்." திரைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல்.

சிராஜ் காக்கா என் கையைக் கிள்ளினார். என் பேச்சையாவது கேட்பாள் என்று நினைத்தாரோ என்னவோ.  உள்ளே லாத்தா யாரிடமோ தணிவாகப் பேசுவது கேட்டது. பிறகு பரீஹாவின் குரல் தெளிவாக வந்தது. "சொல்லுங்க மைனி. சொல்லிருங்க."

லாத்தா சொன்னாள். மெசேஜ் வந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்.



"இத ஏம்மா எங்கிட்ட சொன்னீங்க?" என்றார் ஹஜ்ரத். கோபமில்லை, வருத்தம்தான். "எனக்குத் தெரியாம இருந்தா நான் பாட்டுக்குத் தொழ வச்சிருப்பேன்."

"பொய் சொல்லித் தொழ வைக்கலாம் ஹஜ்ரத். அவன் மக நாளைக்கு வளந்து நெசத்தத் தெரிஞ்சிக்கிடுவா. அப்ப அவ என்ன நெனப்பா? நெசம் தெரிஞ்சிருந்தா எங்க வாப்பாவுக்கு யாரும் தொழுதிருக்க மாட்டாங்கன்னு நெனப்பா. எனக்கு நெசத்த வச்சிக்கிட்டே தொழணும்."

"நபியவர்கள் இப்படி உயிர மாய்ச்சுக்கிட்ட ஒருத்தருக்கு, தாங்க மட்டும் தொழ வைக்காம வெலகிக்கிட்டாங்க. மத்தவங்களத் தடுக்கல. அந்த வழிதான் நாங்களும். ஜனங்களுக்கு ஒரு பயம் இருக்கணும்மா. இல்லன்னா கஷ்டம் வந்தவனெல்லாம்..."

"அவனுக்குப் பயம் கொறச்சலாவா இருந்துச்சு?" லாத்தாவின் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் ஹஜ்ரத்தின் பேச்சை யாரும் அதுவரை பாதியில் வெட்டியதில்லை. "இந்தச் சந்துல அவனவிட நரகத்துக்குப் பயந்தவன் யாரு ஹஜ்ரத்? குழாயடியில பாத்தீங்கள்ல? ராத்திரியெல்லாம் எழுந்து கை கழுவுவான். பயம் அவனத் தடுக்கல. பயந்தான் அவனத் தின்னுச்சு. ஊட்டுனது நான். பிள்ளைங்ககிட்ட அவனக் காட்டி, இப்படிப் பயப்படுங்கன்னு சொன்னவ நான்."

"மெஹராஜு, போதும்" என்றார் சிராஜ் காக்கா.

"இருங்க காக்கா. வெளிய எங்கிட்ட ஓதுற பிள்ளைங்க அம்புட்டும் நிக்கிது. நீங்க வெலகுறத அதுங்க பாக்கும் ஹஜ்ரத். உயிர மாய்ச்சுக்காதன்னா அதுங்களுக்குப் புரியப்போவுது? இந்த மாமா நரகத்துக்காரரு, அம்புட்டுதான் புரியும். அந்தப் பாடத்த நான் நடத்திட்டேன். நீங்களும் நடத்த வேண்டாம்."

ஹஜ்ரத் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் பள்ளியைப் பார்த்து நடந்தார். சிராஜ் காக்கா தலையில் கைவைத்து வாசல்படியில் உட்கார்ந்தார். "முடிஞ்சிது. சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேட்டாளா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அசர் தொழுகை முடிந்தது. காக்காவைக் கிடத்திய சந்தூக்கை முன்னால் கொண்டுவந்து வைத்தோம். செய்தி அதற்குள் பரவியிருந்தது. வரிசையில் நிற்பவர்களின் முகத்தில் தெரிந்தது. சிலர் தொழுகை முடிந்ததும் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். சிலர் வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹஜ்ரத் மைக் முன்னால் நின்றார், தலை குனிந்தபடி. பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லாத்தாவின் மாடி. ஜன்னலை அவள் திறந்து வைத்திருந்தாள் என்று பிறகு பரீஹா சொன்னாள்.

எங்களிடம் அடக்கத்துக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. தொழவைப்பவர் கூட்டத்தைப் பார்த்து, இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்பார். நல்லவர் என்று எல்லோரும் சாட்சி சொல்ல வேண்டும். எந்த அயோக்கியனுக்கும் அங்கே அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிடும். யாரும் யோசிப்பதே இல்லை.

ஹஜ்ரத் கேட்டார். "இந்த வாசிம் எப்படிப்பட்டவர்?"

யாரும் பேசவில்லை. பேசினால் எதற்குச் சாட்சி சொல்கிறோம் என்ற பயம் அந்த வரிசைகளில் இருந்தது. ஒருவர் இருமினார். ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். தம்பியின் சாட்சி சாட்சியா என்று ஒரு கணம் தயங்கினேன்.

"நல்லவன்!" என்று பின்னாலிருந்து சிராஜ் காக்கா கத்தினார். பள்ளிக்குள் அப்படி யாரும் கத்துவதில்லை. "நல்ல மனுசன் ஹஜ்ரத்! ஒரு ஈ எறும்புக்குத் தொந்தரவு குடுக்காதவன்!"

பிறகு இன்னொருவர். பிறகு பலர். வாசலில் நின்றவர்களில் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

ஹஜ்ரத் என்னைக் கைகாட்டி அழைத்தார். "வாப்பா இல்லாத வீட்டுல வலீ, பொறுப்பாளி நீங்கதான். தொழவைக்க என்னவிட ஒங்களுக்குத்தான் உரிமை. முன்னால நில்லுங்க."

"எனக்கு முழுசாத் தெரியாது ஹஜ்ரத்."

"நாலு தக்பீர், நாலு தடவ அல்லாஹு அக்பர். ருகூ இல்ல, சுஜூது இல்ல, நின்னுக்கிட்டேதான். நான் ஒங்க பின்னாலயே நிக்கேன். மறந்தா எடுத்துக் கொடுக்கேன்."

தன் சட்டத்தையும் அவர் விடவில்லை, காக்காவையும் விடவில்லை. நான் முன்னால் நின்றேன். எனக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், ஹஜ்ரத் கைகட்டி நின்றார். மூன்றாவது தக்பீருக்குப் பிறகு எனக்கு துஆ மறந்தது. இறந்தவருக்காக மன்னிப்புக் கேட்கிற இடம் அது. அவர் மெல்லிய குரலில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன்.

அடுத்த வியாழக்கிழமை லாத்தா வகுப்பைத் திறந்தாள். இரண்டு மூன்று வீட்டார் பிள்ளைகளை அனுப்பவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். நான் ஏணியடியில் நின்று கேட்டேன். ஜோயா திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"தெரியாது" என்றாள் லாத்தா. அந்த மாடியில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "யாரு எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. ஹஜ்ரத்துக்கும் தெரியாது. படைச்சவனுக்கு மட்டுந்தான் தெரியும். தெரிஞ்ச மாதிரி ஒங்களுக்கு நான் நடத்திட்டேன்."

"அப்ப நரகம் இல்லையா ஆபா?" என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"இருக்கு. கதவப் பூட்டி வச்சிப் பிள்ளைங்களக் கொல்றவன் இருக்கான்ல, அவன் இருக்கிற வரைக்கும் இருக்கு. ஆனா அடுத்தவன அங்க கொண்டு விடுற வேலை நமக்கு இல்ல."

"அப்ப வாப்பாவுக்கு நாம என்ன செய்ய?" என்றாள் ஜோயா.

லாத்தா குர்ஆனின் முப்பது பாகங்களையும் தனித்தனிப் புத்தகங்களாக வைத்திருக்கிறாள். அவற்றை இறக்கி விரித்து வைத்தாள். ஆளுக்கு ஒன்று எடுத்து ஓதி, அந்த நன்மையை வாசிம் மாமாவுக்குச் சேர்க்கச் சொன்னாள். பிள்ளைகள் அடித்துப் பிடித்து எடுத்தார்கள். மெல்லிசானதைப் பிடித்தவனை மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஜோயா தனக்குத் தெரிந்த சின்ன சூராக்கள் இருக்கிற கடைசிப் பாகத்தை எடுத்துக்கொண்டாள். மீதமிருந்த ஒன்றை லாத்தா ஏணிவழியாக என்னிடம் நீட்டினாள்.

"ஒனக்கு நம்பிக்கை இருக்கா இல்லையான்னு நான் கேக்கல. ஓது."

வாஷி லோக்கலில் போகும்போதும் வரும்போதும் ஓதினேன். என் அரபு துருப்பிடித்துக் கிடக்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் ஓத முடிகிறது. பிள்ளைகள் எல்லோரும் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஜோயா முதலில் முடித்தாள். என் பாகத்தில் கடைசி மூன்று பக்கங்கள் இன்னும் ஓதாமல் இருக்கின்றன.